இல்லத்து வழங்கி: ஒரு வரலாற்று நோக்கு

ஆறுமுக நாவலரவர்கள் 1849ஆம் ஆண்டிற் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் ஒன்றை வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார் என்பது இம்மலரைப் படிப்போர் யாவரும் அறிந்த செய்தி. அதற்கு முன்னரும் யாழ்ப்பாணத்தில் அச்சுவேலை நடைபெற்றது. அமெரிக்க மிஷனரிமார் மானிப்பாயில் அச்சுக்கூடம் வைத்திருந்தனர். 'உதயதாரகை' 1841ஆம் ஆண்டு முதல் வெளிவந்துகொண்டிருந்தது. ஆயினும் எது அச்சேறும், எது அச்சேறாது என்பதை அச்சுக்கூடத்தை உடையவரே தீர்மானிப்பர். ஏட்டுச் சுவடிகளாய்க் கிடந்த நம் நூல்கள் பிழையற வெளிவர வேண்டுமாயின் யந்திரம் நம் முற்றத்தில் இருத்தல் வேண்டும் என்று நாவலர் கண்டார். அந்த ஒரு முடிவினால் விளைந்த பயன்களைத் தமிழிலக்கிய வரலாறு எழுதினோர் விரிவாகக் கூறியிருக்கின்றனர். ஈண்டு அவற்றை மீண்டும் கூறவேண்டியதில்லை.

நம் காலத்தில் அச்சியந்திரத்தின் இடத்தைப் பெரும்பாலும் இணையம் பிடித்துக்கொண்டது. ஆனால், இணையத்தில் ஓர் எழுத்தை வெளியிடும் யந்திரம் யாருடைய முற்றத்தில் இருக்கிறது என்று கேட்போர் மிகச் சிலரே. லுணுகலையில் இருந்து ஒருவர் தம் செல்லிடப்பேசியில் எழுதும் நான்கு வரிகளும், எடுக்கும் படமும், கடல்கடந்த தேசமொன்றில் யாரோ ஒருவருடைய கட்டடத்தில் உள்ள கணினியிற் சென்று தங்குகின்றன. அடுத்த லயத்தில் உள்ளவர் அதைப் படிக்க விரும்பினால் அது அத்தனை தூரமும் திரும்பி வருதல் வேண்டும். இது இயற்கை நியதி போல ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. இவ்வேற்பாடு தொடக்கத்தில் இருந்ததன்று என்பதையும், வீட்டில் உள்ள ஒரு சிறு கணினியே பக்கங்களை உலகிற்கு வழங்க வல்லது என்பதையும், அதனைக் கற்கப் புகும் ஒருவர் நம் மலைநாட்டில் எதிர்கொள்ளும் நிலை யாது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'சேர்வர்' என்று நாம் பேச்சில் வழங்குவதைத் தமிழில் 'வழங்கி' என்பர். 'சேவையகம்' என்பாரும் உளர். 'சேவையகம்' என்னும் சொல் பெரிய கட்டடம் ஒன்றை நினைவூட்டுதலால் எமக்கு 'வழங்கி' என்பதே உவப்பு. வழங்கி என்பது தனிவகை யந்திரம் ஒன்றன்று. எந்தக் கணினியில், பிறர் கேட்கும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் செய்நிரல் ஒன்று ஓயாமல் விழித்திருக்கிறதோ அந்தக் கணினி வழங்கியாகும். நூலகத்தில் மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் உதவியாளரை ஒப்பிடலாம். வாசகர் நூலின் பெயரைத் தாளில் எழுதி நீட்டுகிறார். உதவியாளர் அலுமாரியில் இருந்து எடுத்துத் தருகிறார். இல்லையெனில் 'இல்லை' என்கிறார். இணையத்தில் நாள்தோறும் காணும் 404 என்னும் இலக்கம் அந்த 'இல்லை' என்பதன்றி வேறில்லை.

உலகின் முதல் இணைய வழங்கி சுவிற்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகருக்கு அண்மையில் உள்ள சேர்ண் என்னும் அணுவியல் ஆய்வு நிலையத்தில் இயங்கியது. அங்குப் பணிபுரிந்த ஆங்கிலேயரான ரிம் பேர்ணர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தம் திட்டத்தை எழுதிச் சமர்ப்பித்தார். 1990ஆம் ஆண்டின் இறுதியில் அவருடைய மேசைமீதிருந்த நெக்ஸ்ட் என்னும் கறுத்த கணினியே வழங்கியாக விழித்துக்கொண்டது. அதற்கெனத் தனி அறையோ குளிரூட்டும் வசதியோ இல்லை. இரவில் யாராவது அணைத்துவிடுவர் என்று அஞ்சி, 'இவ்யந்திரம் ஒரு வழங்கி. அணைக்க வேண்டாம்' என்னும் பொருளில் ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தனர். 'அணைக்க வேண்டாம்' என்பது சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. இக்காலத்தில் வீட்டு வழங்கி நடத்துவோர் தம் வீட்டாருக்குச் சொல்லும் முதல் வேண்டுகோளும் அதுவே.

பேர்ணர்ஸ்-லீ இயற்றிய முதல் உலாவி பக்கங்களைப் படிப்பதற்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை; அதே சாளரத்திற் பக்கத்தைத் திருத்தி எழுதவும் முடிந்தது. படிப்போனும் எழுதுவோனும் ஒருவனே என்பது அவர் கருத்து. வழங்கியைக் கேட்கும் முறையும் மிக எளிது. தொடக்க கால எச்.ரி.ரி.பி. நெறியில் 'இன்ன பக்கத்தைத் தா' என்னும் ஒரே வரி போதும். வழங்கி அப்பக்கத்தை அனுப்பித் தொடர்பைத் துண்டித்துவிடும். இத்தகைய எளிமையினால், 1991ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் நேர்கோட்டு முடுக்கி நிலையத்தில் ஐரோப்பாவுக்கு வெளியே முதல் வழங்கி எழுந்தது. 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள் சேர்ண் நிலையம் இந்நுட்பத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கியது. வரலாற்று மாணவர் இந்நாளைக் குறித்துவைத்தல் தகும். அன்று கட்டணம் விதித்திருப்பரேல் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் வழங்கி அமைப்பது குறித்து இன்று கட்டுரை எழுத இடமிராது.

நுட்பம் பொதுவாயிற்று, யந்திரம்? அக்காலத்தில் வழங்கிக்கு உரிய இயக்கு தளங்கள் பல்கலைக்கழகங்களும் பெருநிறுவனங்களும் மட்டுமே வாங்கத்தக்க விலையில் இருந்தன. இந்த மதிலில் வாயில் அமைத்தவர் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராய் இருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் ஆவர். தம் வீட்டுக் கணினிக்காக அவர் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவை 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள் உலகிற்கு அறிவித்தபோது, இது பொழுதுபோக்கே, பெரிதாக ஒன்றும் ஆகாது என்ற பொருள்படவே எழுதினார். 1993இல் தொடங்கப்பெற்ற டெபியன் முதலிய தொகுப்புகள் அதனை யாவரும் நிறுவத்தக்கதாக்கின. 1995ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டுக் கவனிப்பாரற்றுக் கிடந்த வழங்கிச் செய்நிரல் ஒன்றை எடுத்து, ஒருவரையொருவர் நேரிற் காணாத சிலர் ஒட்டுப்போட்டுத் திருத்தி 'அப்பாச்சி' என்னும் பெயரில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே உலகில் மிகுதியாக வழங்கப்பெறும் வழங்கிச் செய்நிரல் அதுவாயிற்று. கடை ஒன்றில் ஒதுக்கிப்போட்ட பழைய கணினி, லினக்ஸ், அப்பாச்சி இம்மூன்றும் ஒரு வீட்டில் ஒன்றுசேருமாயின் அங்கே ஒரு வெளியீட்டகம் உண்டாகும் என்னும் நிலை 1990களின் நடுப்பகுதியில் ஏற்பட்டுவிட்டது.

தமிழ் இவ்வாய்ப்பைத் தாமதியாது பற்றிக்கொண்டது. சிங்கப்பூரில் 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில், விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால், அந்நாட்டு நான்மொழிக் கவிதைத் தொகுப்பின் வாயிலாகத் தமிழ் எழுத்து இணையம் ஏறியது. 1998ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளில், சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் வாழும் வேதியியலறிஞர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முன்னின்ற உழைப்பால் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பல நாடுகளில் வாழும் தமிழர் தத்தம் வீடுகளில் இருந்து நூல்களைத் தட்டச்சிட்டு அனுப்பினர். நம் நாட்டு நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவாக்கும் நூலகம் திட்டம் 2005ஆம் ஆண்டில் எழுந்தது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டதை அறிந்தோர்க்கு இம்முயற்சியின் அருமையை விளக்கவேண்டா.

இவ்விடத்தில் எழுத்துக் குறியீடு பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். முற்காலத் தமிழ்ப் பக்கங்கள் ஒவ்வொன்றும் தனக்குரிய எழுத்துருவைக் கோரின. எழுதியவரிடம் இருந்த எழுத்துரு படிப்பவரிடம் இல்லையேற் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருப்பினும் அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. அவ்விடைக்காலத்தில் எழுதப்பெற்ற தமிழ்ப் பக்கங்கள் பல இன்று திறந்தாலும் படிக்க இயலாதனவாய் உள்ளன. செல்லரித்த ஏட்டுக்கும் அவற்றுக்கும் வேற்றுமை சிறிதே.

இனி இலங்கையை நோக்குவோம். இந்நாட்டுக்குரிய 'எல்.கே.' என்னும் முகவரிக் குறியீடு 1990ஆம் ஆண்டிற் பெறப்பட்டது. அதன் பதிவகம் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பேராசிரியர் கிஹான் டயஸ் அவர்களால் வளர்க்கப்பட்டது. பொதுமக்கள் பணம் செலுத்தி இணைப்புப் பெறும் நிலை 1995இல் வந்தது. தமிழெழுத்திலேயே '.இலங்கை' என்று முடியும் முகவரிகளுக்கு 2010ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. ஆயினும் மலைநாட்டார்க்கு இவ்வரலாற்றில் மிக அணுக்கமானது கொத்மலைச் சமூக வானொலியின் முயற்சியே. 1998ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன் அவ்வானொலி நிலையத்துக்கு இணைய இணைப்பு வந்தது. கணினி இல்லாத ஊரார் கேள்விகளை அனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி, ஊரார் மொழியில் வானொலியில் எடுத்துரைப்பார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்களுக்குக் கணினிகள் வைக்கப்பட்டன. ஒரே ஓர் இணைப்பு ஒரு பிரதேசம் முழுவதற்கும் போதியதாயிற்று. கொத்மலையார் ஒரு முறை பெற்றதைப் பலருக்குப் பகிர்ந்தனர். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகின்றேன். பின்னர் லுணுகலையில் இதே முறை வேறுருவிற் பயன்படப்போகின்றது.

இத்துணை நல்வாய்ப்புகள் இருந்தும் வீட்டு வழங்கி ஏன் அருகியது? இரண்டு காரணங்களைக் கூறலாம்.

ஒன்று முகவரித் தட்டுப்பாடு. இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி என்னும் இலக்கம் வேண்டும். பழைய முறையில் அவ்விலக்கங்கள் ஏறக்குறைய 430 கோடியே. தொடக்கத்தில் அது வற்றாத கிணறுபோலத் தோன்றியது. 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் உலகப் பொதுச் சேமிப்பிலிருந்த இறுதித் தொகுதிகளும் பங்கிடப்பட்டன. அவ்வாண்டு ஏப்பிரலில், இலங்கை உள்ளிட்ட ஆசிய பசிபிக் வட்டாரத்துக்குரிய பதிவகம் இனி விரும்பியவாறு முகவரி வழங்க இயலாது என்னும் நிலையை அடைந்தது. இதற்கு முன்னரே, 1990களின் நடுவில், ஒரு வீட்டில் உள்ள கணினிகள் யாவும் ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்துகொள்ளும் உபாயம் கண்டறியப்பட்டிருந்தது. முகவரி தீர்ந்ததும் இணைப்பு வழங்குவோர் அவ்வுபாயத்தை ஊர்களுக்கே விரித்தனர். இன்று செல்லிடப்பேசி வழியாக இணைப்புப் பெறும் வீடுகள் பெரும்பாலும் தமக்கெனப் பொது முகவரி உடையன அல்ல. பல நூறு வீடுகள் ஒரே முகவரியின் பின்னே ஒதுங்கியிருக்கின்றன. அவ்வீடுகளில் உள்ளோர் வெளியே சென்று எதையும் கேட்கலாம். வெளியே உள்ளவர் அவ்வீட்டை நாடி வந்து எதையும் கேட்க வழியில்லை.

மற்றது இணைப்பின் அமைப்பு. தொலைபேசிக் கம்பிவழி வந்த ஏ.டி.எஸ்.எல். இணைப்பின் முதலெழுத்தே 'சமச்சீர் அற்றது' என்பதைக் குறிக்கும். கொண்டுவருவதற்கு அகன்ற பாதையும், கொண்டுசெல்வதற்கு ஒடுங்கிய பாதையும் வகுக்கப்பட்டன. மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டிற் பதுளையை எட்டியபோது அது தேயிலையைக் கீழே இறக்கவும் அரிசியை மேலே ஏற்றவும் அமைந்தது; பாதை எவருடைய தேவைக்காக இடப்பட்டது என்பதை அதிற் செல்லும் பொதிகளே காட்டும். நம் வீடுகளுக்கு வந்த இணையப் பாதையும் நாம் வாங்குவோராய் இருப்போம் என்ற எண்ணத்தில் இடப்பட்டது. கொடுப்போராயும் இருக்கலாம் என்பதை அதனை அமைத்தோர் பெரிதாகக் கருதவில்லை.

இலவச இடம் தருவோரும் இதற்குள் தோன்றினர். 1994இல் எழுந்த ஜியோசிற்றீஸ் என்னும் நிறுவனம் எவரும் பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. தமிழர் பலரும் அங்கே குடியேறினர். 1999இல் அது யாகூ நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் மூடப்பட்டது. சில ஆர்வலர் அவசரமாகப் படியெடுத்துக் காத்தவை போக எஞ்சியவை அழிந்தன. குத்தகை நிலத்தில் வீடு கட்டியோர் நிலை அதுவாயிற்று.

இப்பின்னணியில் லுணுகலைக்கு வருவோம். பதுளையில் இருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் சென்று, அப்பாற் கிழக்குக் கரையின் செங்கலடியை அடையும் நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் லுணுகலை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். மலைமடிப்புகளில் அலைவரிசை ஒரு வளைவிற் கிடைத்து மறுவளைவில் மறையும். கொவிட் நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில், 2021ஆம் ஆண்டில், பொஹிட்டியாவ என்னும் ஊரின் பிள்ளைகளும் ஆசிரியர் ஒருவரும் காட்டுவழியே நடந்து பாறை உச்சியில் ஏறி இணையவழிப் பாடம் பெற்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அப்பிள்ளைகள் கற்கும் பாடசாலை லுணுகலையில் உள்ளது. படங்களைப் பார்த்து உலகம் வியந்தது. எமக்கு அப்போது தோன்றிய எண்ணம் வேறு. ஒரே வகுப்பைச் சேர்ந்த பிள்ளைகள் ஒரே பாடக்குறிப்பை, தனித்தனியே, தத்தம் பெற்றோரின் காசில், ஒவ்வொரு முறையும் கடல் கடந்து சென்றுவரச் செய்து பெற்றனர். குறிப்பை எழுதியவரோ பல வேளைகளிற் பக்கத்து ஊர் ஆசிரியர். வெளிவாரி மாணவனாய்ப் பட்டம் பெற்ற எமக்குத் தபாற்காரனை எதிர்பார்த்து நின்ற நாட்கள் நினைவில் உண்டு; ஆனால் அன்று வந்த குறிப்பு ஒரு முறை வந்தால் மூவர் நால்வர் படிக்கலாம்.

அதே ஆண்டில், லுணுகலைக்கு அருகில் உள்ள தோட்டமொன்றில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர், பதுளையில் ஒரு கடையிற் கழித்துவிட்ட கணினியைச் சொற்ப விலைக்கு வாங்கிவந்து வழங்கி அமைக்கக் கற்றார். கணினித் துறையிற் பயிற்சி இல்லாதவர். கலைப்பிரிவில் உயர்தரம் கற்றவர். அவர் கடந்த படிகளை ஒருவாறு கூறுதல் பிற மாணவர்க்குப் பயன்படும்.

முதலில் டெபியன் தொகுப்பை ஓர் இரவு முழுவதும் தரவிறக்கி, சிறு நினைவுக்கோலில் ஏற்றி, கணினியில் நிறுவினார். திரையும் விசைப்பலகையும் நிறுவும்போது மட்டுமே தேவை. பின்னர் அவற்றைக் கழற்றிவிட்டு வேறு கணினியில் இருந்தோ செல்லிடப்பேசியில் இருந்தோ கட்டளையிடலாம். அடுத்து அப்பாச்சியை நிறுவியதும், 'இது வேலை செய்கிறது' என்று ஆங்கிலத்திற் கூறும் பக்கம் ஒன்று தோன்றியது. கற்போர்க்கு இதனினும் இனிய வாசகம் வேறில்லை. அப்பக்கத்தை அகற்றித் தம் கையாற் 'வணக்கம்' என எழுதி வைத்தார். திரையிலோ ஒவ்வொரு தமிழெழுத்தும் மும்மூன்று ஐரோப்பியக் குறிகளாகச் சிதறித் தோன்றியது. ஒருங்குறியை அனுப்பும் யூ.ரி.எவ்.-8 என்னும் முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று அலகுகளாகச் செல்லும். அவற்றை எவ்வாறு சேர்த்துப் படிப்பது என்று பக்கத்தின் தலைப்பகுதியில் அறிவித்தல் வேண்டும். அந்த ஒரு வரியை எழுதியதும் 'வணக்கம்' தெளிந்தது.

வீட்டு ரவுட்டர் தன்னைச் சார்ந்த கணினிகளுக்கு நாளுக்கொரு முகவரி கொடுப்பது வழக்கம். வழங்கியின் முகவரி மாறுமாயின் தேடி வருவோர் ஏமாறுவர். ஆதலின் அதற்கு நிலையான உள்முகவரி ஒன்றைக் கட்டிவைத்தார். இவ்வளவில், அதே ரவுட்டரின் அலைவட்டத்துக்குள் வரும் செல்லிடப்பேசிகள் யாவும் அப்பக்கத்தைத் திறக்கலாயின. இதற்கு வெளி இணைப்பே வேண்டியதில்லை. மாதக் கட்டணம் தீர்ந்த நாளிலும் வேலை செய்யும். புதிதாய்க் கற்போர் பலர் இதனை அறியாது, உலகம் முழுவதும் தெரிந்தாலன்றி வழங்கி ஆகாது என்று எண்ணி மனந்தளர்கின்றனர்.

அம்மாணவர் செய்த பெரும்பயனுள்ள வேலை இந்நிலையிலேயே நிகழ்ந்தது. பாடக்குறிப்புகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் ஒரு முறை தரவிறக்கி வழங்கியில் வைத்தார். அந்த லயத்துப் பிள்ளைகளும் எதிர் லயத்துப் பிள்ளைகளும் வாசலிற் குந்தியிருந்து அவற்றைப் பெற்றனர். தரவுக் கட்டணம் ஒரு சதமும் இல்லை. கொத்மலையில் வானொலி செய்ததை இங்கே ஓர் ஒதுக்கப்பட்ட கணினி செய்தது.

வெளியுலகிற்குத் திறப்பது கடினமாயிற்று. கதவிலக்கம் 80இலும் 443இலும் வருவோரை வழங்கியிடம் அனுப்புமாறு ரவுட்டரிற் பணித்துப் பார்த்தார், யாரும் வரவில்லை. பின்னர் ரவுட்டர் தனக்குக் கிடைத்ததாகக் காட்டிய முகவரியை நோக்கியபோது அது 100.64 என்று தொடங்கியது. 2012ஆம் ஆண்டில், பலர் பகிர்ந்துகொள்ளும் இணைப்புகளுக்கெனவே ஒதுக்கப்பட்ட வரிசை அது. வெளியுலகில் அதற்கு மதிப்பில்லை. "சேர், நாம வெளிய போகலாம், வெளியில இருந்து யாரும் நம்ம வீட்டுக்கு வரத்தான் முடியல்ல" என்று அவர் கூறியது, மேலே நாம் இரண்டு பந்திகளில் விளக்கியதை ஒரே வாக்கியத்தில் அடக்கியதாகும்.

இதற்குத் தீர்வு மூன்று. இணைப்பு வழங்குவோரிடம் தனிப் பொதுமுகவரி கேட்டுக் கட்டணம் செலுத்துவது ஒன்று. ஏறக்குறைய எல்லையற்ற முகவரிகளை உடைய புதிய ஆறாம் பதிப்பு நெறி தம் இணைப்பில் வழங்கப்படுமாயின் அதனைப் பயன்படுத்துவது மற்றொன்று. மூன்றாவது, வெளியே பொதுமுகவரி உள்ள சிறு கணினி ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டு வழங்கியே அதற்கு அழைப்பு எடுத்து, அத்தொடர்பை அறாமற் பிடித்துக்கொண்டிருப்பது; வருவோர் அங்கே கேட்பர், கேள்வி அக்குகைவழியே வீட்டுக்கு வரும். அவர் மூன்றாவதை மேற்கொண்டார். முற்றத்தில் உள்ள யந்திரத்துக்குப் பிறர் வாயிலொன்றை வாடகைக்குப் பெறவேண்டியிருப்பது குறைதான். ஆயினும் எழுதியவை அனைத்தும் வீட்டிலேயே உள்ளன. வாயிலுக்கு உரியவர் கதவை அடைத்தால் வேறு வாயிலைத் தேடலாம். பூட்டுக்குறி காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்கு முன்னர் ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டியிருந்தது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் 'லெற்ஸ் என்கிறிப்ற்' என்னும் அமைப்பு அதனை இலவசமாக்கியதால் அச்செலவு நீங்கிற்று.

கதவு திறந்த அன்றிரவே அயலார் தட்டத் தொடங்கினர். வழங்கியின் குறிப்பேட்டைத் திறந்தால், உலகின் பல மூலைகளிலுமிருந்து தாமாக இயங்கும் செய்நிரல்கள் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது வரிவரியாகத் தெரியும். அது தம்மீது தொடுத்த தனிப்பகை என்று கற்போர் கலங்கவேண்டா. திறந்த கதவு எல்லாவற்றையும் அவை தட்டும். கடவுச்சொல்லை ஒழித்துத் திறவுகோற் கோப்பினால் மட்டுமே நுழையுமாறு செய்தலும், செய்நிரல்களை இடையறாது புதுப்பித்தலும், தேவையற்ற கதவுகளை அடைத்தலும் போதிய காவலாகும். இவற்றைச் செய்யச் சோம்புவோர் வழங்கியை உள்முற்றத்தோடு நிறுத்திக்கொள்வது நன்று.

கள்வரினும் கொடிய பகை ஊவாவின் வானம். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்பிரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல்தோறும் இடிமின்னல் வரும். கம்பிவழி வரும் மின்னதிர்ச்சி ரவுட்டரைக் கருக்கிவிடும். மேகம் கறுக்கும்போதே மின்கம்பியைக் கழற்ற வேண்டும் என்பதை நூல்கள் கற்பிப்பதில்லை. 2022ஆம் ஆண்டில் நாடு பட்ட மின்வெட்டுத் துன்பத்தையும் மறத்தற்கில்லை. மார்ச்சு இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லாதிருந்தது. அந்நாட்களில் எம் மாணவரின் வழங்கி கோயில் விளக்குப்போல இரவிற் சில மணிநேரமே எரிந்தது. சில வாற்று மின்சாரத்தில் இயங்கும் ராஸ்பெரி பை போன்ற சிறுகணினிகள் 2012ஆம் ஆண்டு முதல் கிடைக்கின்றன. மோட்டார் வண்டி மின்கலத்தில் இருந்தும் தக்க மாற்றியின் உதவியால் அவற்றை நடத்தலாம். அவர் பின்னர் அத்தகையது ஒன்றுக்கு மாறினார்.

வழங்கியில் என்ன வைப்பது என்பது நுட்பத்தினும் பெரிய வினா. மலையகத் தமிழர் வரலாறு பெரிதும் தாள்களில் வாழ்வது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்தோரும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாற் பிரிக்கப்பட்டோரும், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோரும் தத்தம் தகரப் பெட்டிகளில் விண்ணப்பங்களையும் பதில்களையும் மடித்து வைத்திருக்கின்றனர். பாடசாலைப் பரிசளிப்பு மலர்கள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள், கோயில் திருவிழா விளம்பரங்கள், காமன்கூத்துப் பாட்டெழுதிய கொப்பிகள் இவையாவும் அப்பெட்டிகளில் உள்ளன. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் இதே பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிற் புதைந்தபோது மனிதரோடு இத்தகைய பெட்டிகளும் புதைந்தன. இதனைக் கண்ட பின்னரும் ஒரு தோட்டத்தின் ஆவணங்களை அதே தோட்டத்தின் ஒரே கணினியில் வைத்து அமைதி கொள்வது அறியாமை. வீட்டு வழங்கிக்கு வேறோர் ஊரில் இரட்டைப் படி இருத்தல் வேண்டும்; எம் மாணவர் வாரம் ஒருமுறை பதுளையில் உறவினர் வீட்டுக் கணினிக்குப் படி அனுப்புகிறார். பொதுமக்களுக்கு உரியனவற்றை நூலகம் போன்ற அமைப்புகளிடம் கொடுத்தலும் தக்கதே.

எல்லாவற்றையும் உலகிற்குக் காட்டுதல் முறையன்று. பிறருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள இலக்கம், குடும்ப வழக்குத் தாள் என்பன அவரவர் வீட்டார் மட்டுமே திறக்குமாறு உள்ளறையில் வைக்கப்பட்டுள்ளன. இப்பகுப்பை அவர் தாமே செய்யவில்லை. தாள் கொடுத்த ஒவ்வொரு முதியவரையும், "தாத்தா, இத ஊருக்குக் காட்டலாமா, வீட்டோட வெக்கவா?" என்று கேட்டு அதன்படி செய்தார். பெருங்கட்டடங்களில் உள்ள வழங்கிகள் நம்மிடம் இவ்வாறு கேட்பதில்லை.

இப்போது அவ்வழங்கியில் வெளியார்க்குத் திறந்த பகுதியில் நானூறுக்குக் குறையாத தாள்களின் படங்கள் உள்ளன. குறிப்பேட்டின்படி மிகுதியாகக் கேட்கப்படுவது பழைய பரிசளிப்பு மலர் ஒன்றின் மாணவர் பெயர்ப்பட்டியல். கேட்போரிற் பெரும்பகுதியினர் பதுளைக்கும் கொழும்புக்கும் உரியவர். சிலர் தமிழ்நாட்டில் இருந்து வருகின்றனர். ஒப்பந்தத்தின்கீழ்க் கப்பலேறிச் சென்றோரின் பிள்ளைகளாக அவர்கள் இருக்கலாம் என்பது எம் மாணவரின் ஊகம். அப்பட்டியலில் எழுத்து மங்கிய பதினொரு பெயர்களை உறுதிசெய்ய, அவ்வகுப்பிற் கற்ற முதியவர்களை அவர் ஞாயிறுதோறும் தேடிச் சென்றுகொண்டிருக்கிறார். இதுவரை ஏழு பெயர்கள் தெளிவாகியுள்ளன.